ஊமைக்காயம்

ரத்தம் கொட்டினால்தான் பலத்த அடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்கள் அப்படி நினைப்பதில்லை. அடிபட்டவரை அழைத்து வந்தவரிடம், "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். போலீஸ் விசாரணை போலத் தோன்றும். ஆனால் எந்தக் காயத்தைத் தேட வேண்டும் என்பது அந்தப் பதிலிலிருந்துதான் தெரியவரும்.

கத்தியோ கம்பியோ குத்திய காயம் கண்ணுக்குத் தெரியும். குத்திய பொருள் உள்ளேயே இருந்தால் பிடுங்கக் கூடாது. கிழிந்த ரத்தக் குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் துணி வைத்து, அசையாமல் கொண்டுபோக வேண்டும்.

ஏமாற்றுவது ஊமைக்காயம்தான். ஸ்கூட்டர் ஹாண்டில்பார் வயிற்றில் இடித்திருக்கும். தோலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவே. உள்ளே, இடது விலாவின் அடியிலுள்ள மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சிலருக்கு இடது தோள் வலிக்கும். தோளில் அடியே பட்டிருக்காது! தொடை எலும்பு முறிந்தாலோ ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கிவிடலாம்.

'பி.பி. சரியாக இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. உடலின் ரத்தத்தில் சுமார் 30 சதவீதம் போகும்வரை பெரும்பாலும் அது தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறும், கைகால் சில்லிடும், வியர்க்கும். நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து மணிக்கட்டைப் பிடிப்பது இதற்காகத்தான். தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறார் என்று சலித்துக்கொள்ளும் உறவினர்கள் கவனிக்க!

தலையில் அடிபட்டு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மயங்கி விழுவதுண்டு. மண்டை ஓட்டின் உட்புறம் ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்துவதே காரணம். ஓயாத வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிதல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இடிபாட்டில் பல மணி நேரம் நசுங்கிய கால் வேறு வகை. பாரத்தை எடுத்ததும், சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும், சிறுநீரகமும் கெடலாம். ஆகவே மீட்கும்போதே மருத்துவ உதவி அருகில் இருக்க வேண்டும்.

வம்பு எதற்கு என்று ஒதுங்க வேண்டாம். முதலில் சிகிச்சை, பிறகுதான் சட்ட நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. சாலை விபத்தில் உதவுபவருக்கு, 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. விருப்பமில்லையென்றால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம்.

112ஐ அழையுங்கள். தண்ணீர், டீ கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். எந்த வண்டி, எவ்வளவு வேகம், ஹெல்மெட் இருந்ததா, நினைவு தப்பியதா என்பதை நர்ஸிடம் சொல்லுங்கள். இந்தி தடுமாறினால் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். வடக்கே பல மருத்துவமனைகளில் மலையாளி நர்ஸ்கள் இருக்கிறார்கள்.