இனாம் ஆட்டமும் பின்வரும் விலையும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். காந்தி சிலையின் அருகே காற்று வாங்க வரும் ஜனங்களிடையே, பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேராய்க் கூடிக் கைப்பேசியில் குனிந்திருக்கும் காட்சி இன்று யாவர்க்கும் பழகியதே. "இந்த ஆட்டம் என்ன விலை, தம்பி?" என்று கேட்டால், "சும்மாதான் ஐயா" என்று விடை வரும். அந்தச் 'சும்மா' என்ற சொல்லைப் பற்றியே இன்று சிறிது விசாரிக்க விரும்புகிறோம்.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வழக்கு. கொடுப்பவன் தர்மவானாயிருந்தால் அது பொருந்தும். கொடுப்பவன் வியாபாரியாயின் பல்லைப் பார்ப்பதே புத்தி. 1930-களில் தேயிலை வியாபாரத்தின் பிரசாரகர்கள் ஊர் ஊராய்ச் சென்று தேநீரை இனாமாய் ஊற்றினார்கள். நாக்குப் பழகிய பின் நாட்டில் நடந்தது யாதென்பதை நேயர்கள் அறிவார்கள். இன்றைய ஆட்ட வியாபாரமும் அதே பாதையில்தான் செல்கிறது. அன்று பழக்கியது நாக்கை. இன்று பழக்குவது மனத்தை.

எபிக் கேம்ஸ் என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 2018 டிசம்பரில் தன் கணினி ஆட்டக் கடையைத் திறந்தது முதல் பல ஆட்டங்களை இனாமாய் வழங்கி வருகிறது. ஆப்பிள் ஸ்தாபனத்துடன் அது நடத்திய வழக்கில், 2021-ல் இதன் கணக்கு வெளியாயிற்று. முதல் ஒன்பது மாதங்களில் 38 ஆட்டங்களை இனாமாய்க் கொடுப்பதற்கு, அவற்றைச் செய்தோருக்கு அது அளித்த தொகை சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். அதனால் புதிதாய்ச் சேர்ந்த கணக்குகள் சுமார் 50 லட்சம். ஆகவே தலைக்கு இரண்டு டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாடிக்கைக்காரரை அது வாங்கியது எனலாம். பிள்ளை ஆட்டத்தை இனாமாய்ப் பெற்றதாக எண்ணுகிறான். கடைக்காரனோ பிள்ளையை மலிவாய்ப் பெற்றதாக எண்ணுகிறான்!

இனி 'தி சிம்ஸ் 4' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். 2014-ல் விலைக்கு வந்த இது, 2022 அக்டோபர் 18 முதல் இனாமாயிற்று. ஆனால் அதன் பெரிய விரிவுகள் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவில் குறித்த விலை சுமார் 40 டாலர். பத்து விரிவுகளைக் குறித்த விலைக்கு வாங்கினால் 400 டாலர். விரிவுகளோ பத்துக்கும் மேல். வீடு இனாம், அறைகளுக்கு மட்டும் தனித்தனியே வாடகை என்பது போன்றதே இது.

விரிவுகளை விற்பதே குற்றமென்று நாம் கூறவில்லை. ஆட்டம் செய்யும் தொழிலாளிக்கும் கூலி வேண்டும். போலந்து நாட்டு ஸ்தாபனம் ஒன்று 'தி விட்சர் 3' என்ற ஆட்டத்துக்கு 2015-லும் 2016-லும் இரண்டு பெரிய விரிவுகளை விலைக்கு விற்றது. சிறு சேர்க்கைகள் பதினாறை விலையின்றியே அளித்தது. வாங்கியவர் தாம் வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்கினார். இது நேர்மையான வியாபாரம். விலையை மறைத்து, ஆசையை வளர்த்து, சிறுவன் கையில் தகப்பனாரின் பணப்பைச் சாவியைக் கொடுப்பதே கண்டிக்கத்தக்கது. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தில் குழப்பமான பொத்தான்களால் வேண்டாத பொருள்களை வாங்கச் செய்ததாகவும், பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகள் வாங்க இடங்கொடுத்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டின் பேரில், மேற்சொன்ன எபிக் ஸ்தாபனமே 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்தோடு இசைந்தது.

விலை கொடுத்த பின்னும் பொருள் நமதாகிறதா? பிரான்ஸில் நுகர்வோர் சங்கம் ஒன்று இதைக் கேட்டு வழக்காடியது. வாங்கிய ஆட்டத்தை மறுபடி விற்கலாமென்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் கூறிற்று. 2022-ல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் மாற்றியதையே உறுதி செய்தது. படித்த பழைய புத்தகத்தை நாலணாவுக்காவது விற்கலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்த ஆட்டத்துக்கு அந்தக் கதியும் இல்லை.

நம் தேசத்தில் சட்டம் உறங்கிவிடவில்லை. 2025-ல் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பண லாபம் கருதிப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்கிறது. ஆனால் நாம் இங்கே பேசுவது சூதல்ல, கடை வியாபாரம். அதற்கு 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிறப்பித்த நெறிமுறைகளே துணை. தொடர்ந்து உபயோகிக்கப் பின்னால் பணம் கட்ட வேண்டுமென்பதைத் தக்கபடி தெரிவிக்காமல் ஒரு பொருளை இனாமென்று விளம்பரம் செய்வதை அவை தடுக்கின்றன. அதற்கு அவை காட்டும் உதாரணமே இனாமென்று அழைத்து ஏழு நாளில் காசு கேட்கும் சதுரங்க ஆட்டந்தான்!

ஆயினும் ஏட்டில் உள்ள சட்டம் தானாக எழுந்து நடப்பதில்லை. பிஸ்கட் பொட்டலத்தின் மேல் விலை அச்சிடப்படுகிறது. இனாம் ஆட்டத்தின் முகப்பிலும், "எல்லா விரிவுகளுக்கும் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை தெரியவேண்டுமென நாம் கேட்கவேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கி மௌனமாயிராமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யவேண்டும். இனாம் கொடுத்து வாக்குக் கேட்பதைக் கண்டித்து மேடையேறும் நம் தொண்டர்கள், வீட்டுப் பிள்ளைக்கு வரும் இந்த இனாமையும் ஒரு நாழிகை உட்கார்ந்து விசாரிப்பார்களாக. பிள்ளையை அடிப்பதாலும் கைப்பேசியைப் பிடுங்குவதாலும் பயனில்லை. அவனருகே அமர்ந்து, "இந்த ஆட்டம் முழுவதற்கும் எத்தனை ரூபாய், கூட்டிப் பார்ப்போம், வா தம்பி" என்று அழைப்பதே முதல் பாடம். கணக்குத் தெரிந்த பிள்ளையை இனாம் ஏமாற்றாது.