அப்பாவைப் பார்த்துக்க ஆள் தேவை!

அரசாங்க நர்ஸா... ஏஜென்சி ஆளா? மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு மனக்கணக்கு!

டூ வீலர் வாங்க நாலு ஷோரூம் ஏறி இறங்குகிறோம். செல்போன் வாங்க நாற்பது வீடியோ பார்க்கிறோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருஷக் கணக்கில் அலைகிறோம். ஆனால், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்கிற முடிவை மட்டும் எங்கே எடுக்கிறோம் தெரியுமா? டிஸ்சார்ஜ் பில் கட்டுகிற க்யூவில்... பத்தே நிமிஷத்தில்!

"வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா தம்பி?" என்பார் வார்டு சிஸ்டர். தம்பி திருதிருவென்று விழிப்பார். பக்கத்தில் யாரோ ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுவார்கள். 'ஹோம் நர்ஸிங் - 24 மணி நேர சேவை.' அவ்வளவுதான், முடிவெடுத்தாயிற்று!

"கவர்ன்மென்ட்ல வீட்டுக்கே நர்ஸ் வருவாங்களாமே?" என்று அம்மா மெல்ல ஆரம்பித்தால், "சும்மா இரும்மா, ஓசியில வர்றதெல்லாம் எப்படி இருக்கும்?" என்று ஒரே போடு. அரசாங்கம் என்றால் மட்டம், காசு கொடுத்தால் கெட்டி என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்புக்கு மாதா மாதம் நாம் கட்டுகிற வட்டி கொஞ்சநஞ்சமில்லை.

விஷயம் ரொம்ப சிம்பிள் ஸார். இது 'அதுவா, இதுவா' கேள்வியே இல்லை. எதற்கு அது, எதற்கு இது என்கிற கேள்வி.

திறமை வேறு, நேரம் வேறு!

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இரண்டு விதமான தேவை உண்டு.

ஒன்று, திறமை. மூக்கு வழியாகப் போகும் உணவுக் குழாயைக் கவனிப்பது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மடங்கிப்போன கைக்குப் பயிற்சி கொடுப்பது... இதற்கெல்லாம் படித்தவர் வேண்டும். ஆனால், அவர் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வந்து, செய்து, சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

இரண்டாவது, நேரம். தண்ணீர் கேட்டால் கொடுக்க, பெட்பேன் வைக்க, சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி ஊட்ட, ஊட்டிய பின் அரை மணி நேரம் படுக்க விடாமல் பார்த்துக்கொள்ள. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு நாளைக்கு 12 தடவை! தவறினால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண். இதற்குப் பட்டம் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும்.

அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது முதல் சரக்கு. ஏஜென்சி விற்பது பெரும்பாலும் இரண்டாவது சரக்கு. இது புரியாமல், நம்மில் பல பேர் இரண்டையும் ஒரே கடையில் வாங்கப் போய் பர்ஸைத் தொலைக்கிறோம்.

படியேறி வரும் நர்ஸ்

'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சுவரில் எழுதியிருப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்கிற கிராமத்தில் தொடங்கிய திட்டம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாத்திரை பாதிக் கதைதான்!

மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, தன்னார்வலர்களாக வீடு வீடாக வருகிறார்கள். பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர் உண்டு. படுக்கையில் இருப்பவர்களின் வலியையும் புண்ணையும் கவனிக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர்; பிசியோதெரபிஸ்ட் ஒருவர். இவர்களும் வீட்டுக்கே வருவார்கள் என்பதுதான் திட்டத்தின் விசேஷம். சிறுநீரகம் பழுதாகி, வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இதில் உண்டு. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

பக்கத்து வீட்டுக் கேரளாக்காரர்கள் இதில் நமக்கு அண்ணன். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஆரம்பித்த வலி நிவாரண சிகிச்சை, 2008-ல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்தே நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறது. வேலையில் இருப்பவர் வீடா, வேலை இல்லாதவர் வீடா என்றெல்லாம் யாரும் அங்கே கூச்சப்படுவதில்லை.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. ஒரு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட் தலையில் ஏகப்பட்ட ஊர்கள். இன்று வந்தவர் நாளையும் வருவார் என்று வாசலில் காத்திருக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவைப் புரட்டிப் போட அரசாங்கம் வராது. வந்த அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியை மற்ற நாட்களில் யார் செய்வது? நாம்தான்! பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்கிறார்கள் டாக்டர்கள். அந்த மாதங்களை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், திரும்ப வராது.

"பேஷன்ட் வெயிட் எவ்வளவு ஸார்?"

இனி ஏஜென்சி. போன் போட்டதும் முதல் கேள்வி, "ஜென்ட்ஸா, லேடீஸா?" இரண்டாவது, "வெயிட் எவ்வளவு?" பயந்துவிடாதீர்கள், தூக்கி உட்கார வைக்க வேண்டுமே, அதற்காக. எடையைப் பொறுத்து ஆளும் மாறும்; ரேட்டும் மாறும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு வார்த்தை: 'நர்ஸ்'. போனில் நர்ஸ் என்பார்கள். வாசலில் வந்து நிற்பவர் அட்டெண்டராக இருப்பார். இரண்டும் ஒன்றல்ல. படித்த நர்ஸ் என்றால் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த நம்பர் இருக்கும். கேளுங்கள், தப்பே இல்லை. நம்பர் இல்லாதவரிடம் ஊசி போடச் சொல்வதும், குழாய் மாற்றச் சொல்வதும் அப்பாவின் உயிரோடு விளையாட்டு. அதற்காக அட்டெண்டரைக் குறைத்து எடை போட வேண்டாம். முகம் சுளிக்காமல் அடுத்தவர் அப்பாவைக் கழுவிவிடுகிறவர் சாமானியரா?

இப்போது கணக்கு. 24 மணி நேர ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு மூன்று லட்சம்! சாப்பாடு தனி. உங்கள் சம்பளம் 40,000 என்றால் மிச்சம் 15,000. வீட்டு வாடகைக்கே பற்றாது. நாலாவது மாதம் நகை பாங்குக்குப் போகும். ஆறாவது மாதம் ஆளை நிறுத்துவோம்.

அதற்குப் பதில், திறமையை அரசாங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். நேரத்தை மட்டும், அதுவும் நீங்கள் ஆபீஸில் இருக்கிற நேரத்தை மட்டும், காசு கொடுத்து வாங்குங்கள். ராத்திரி? ராத்திரி ஷிப்ட் உங்களுக்குத்தான் ஸார்! 24 மணி நேர ஆள் என்றாலும் அவரும் தூங்க வேண்டிய மனுஷர்தானே?

இன்ஷூரன்ஸ் தராதா?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல், வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை தரும் மத்திய அரசு திட்டமும் 2024 அக்டோபரில் வந்தது. ஆனால், இவையெல்லாம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் சிகிச்சைக்கு. வீட்டில் துணைக்கு இருக்கும் ஆளின் சம்பளத்துக்கு அல்ல. ஆபீஸ் பாலிசியில் 'வீட்டிலேயே சிகிச்சை' என்று ஒரு வரி இருந்தால் குதிக்காதீர்கள். அதுவும் பொதுவாக டாக்டர் எழுதித் தரும் சிகிச்சைக்குத்தான், அட்டெண்டருக்கு அல்ல. பொடி எழுத்தைப் படித்துவிட்டு ஹெச்.ஆரிடம் போங்கள்.

மூன்றாவது ஏஜென்சி

அரசாங்கமும் வேண்டாம், ஏஜென்சியும் கட்டுப்படியாகாது என்று நாம் முடிவு செய்தால் என்ன ஆகும்? அப்பா கவனிப்பில்லாமல் போய்விடுவாரா? மாட்டார். மூன்றாவதாக ஒரு ஏஜென்சி ஓசைப்படாமல் வேலையை எடுத்துக்கொள்ளும். அட்வான்ஸ் கிடையாது, சம்பளம் கிடையாது, வார லீவு கிடையாது. அதன் பெயர் அம்மா. கல்யாணமானவர்கள் வீட்டில் மனைவி.

அறுபது வயது அம்மா, எழுபது கிலோ அப்பாவை ஒரு நாளைக்கு 12 தடவை புரட்டினால், ஆறே மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேஷன்ட்! 'அம்மாதான் பார்த்துக்கறாங்க, செலவே இல்லை' என்று ஆபீஸில் பெருமை அடித்துக்கொள்கிறோமே, அந்தச் செலவு அம்மாவின் இடுப்பில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. எனவே முதல் கேள்வி, 'எது சீப்?' என்பதல்ல. 'அம்மா தினமும் ஆறு மணி நேரமாவது தொடர்ந்து தூங்குகிறாரா?' என்பதுதான். இல்லை என்றால், உங்கள் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

★ டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள்: இதில் நர்ஸ் செய்ய வேண்டியது எது, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது எது? பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

★ டிஸ்சார்ஜ் பேப்பரின் ஜெராக்ஸோடு உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'மக்களைத் தேடி மருத்துவத்தில் அப்பா பெயரைப் பதியணும், பிசியோதெரபிஸ்ட் வரணும்' என்று சொல்லுங்கள். கிராமம் என்றால் கிராம சுகாதார நர்ஸைப் பிடியுங்கள். ஒரு தடவையில் நடக்காவிட்டால், மறுபடி போங்கள்.

★ மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோருக்கான உதவி எண் 14567.

★ ஏஜென்சியிடம் கேட்க: ஆள் வராத நாளில் மாற்று ஆள் உண்டா? அட்வான்ஸ் திரும்ப வருமா? அடையாள அட்டை நகல் தருவீர்களா? நான் கொடுப்பதில் வேலை செய்கிறவர் கைக்கு எவ்வளவு போகும்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வந்தால், நல்ல ஏஜென்சி. கைக்குக் கொஞ்சமாகப் போனால், அடுத்த வாரமே அவர் வேறு வீட்டில் இருப்பார்.

★ நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிற முதல் நாள், ஆபீஸுக்கு லீவு போடுங்கள். புரட்டுவது எப்படி, தூக்குவது எப்படி என்று நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். மேட்ச் பார்க்க லீவு போட்டவர்கள்தானே நாம்? இதற்கும் ஒன்று போடலாம், மானேஜர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார்!