செடியில் செய்த டீசல் உண்மையிலேயே பசுமையானதா?

இந்தோனேசியாவில் 2025 முதல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் எரிபொருளைக் கலக்க வேண்டும் என்பது விதி. பூமியைத் தோண்டி எடுப்பதைவிட, மரத்தில் காய்ப்பதை எரிப்பது நல்லதுதானே?

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்ப்பனை வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் எரியும்போது அதே வாயு காற்றுக்குத் திரும்புகிறது. வரவுக்குச் செலவு சரி!

ஆனால், அந்த மரம் எங்கே நிற்கிறது?

வீட்டை அடமானம் வைத்துக் கடை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் தினமும் பணம் விழும். கடன் அடையும்வரை அதை லாபம் என்பீர்களா?

இங்கே அடமானம் போனது காடு. சதுப்புக் காடுகளில் இலைதழைகள் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் சேர்ந்து கிடக்கின்றன. தோட்டம் போட நீரை வடித்ததும் மண்ணுக்குள் காற்று புகும். நுண்ணுயிர்கள் அந்தச் சேமிப்பைத் தின்னத் தொடங்கும். கரியமில வாயு பல்லாண்டுகள் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

பூமியிலிருந்து எடுத்த டீசலை எரிக்காததால் மிச்சமாகும் வாயுதான் கல்லாப் பணம். அதைக் கொண்டு இந்தக் கடன் அடைய எவ்வளவு காலம் ஆகும்? 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு கணக்குப் போட்டது. சதுப்புக் காட்டை அழித்து விளைவித்த பாமாயில் டீசல் என்றால், கடன் அடைய 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரேசிலின் மரங்கள் நிறைந்த செராடோ சவன்னாவைத் திருத்தி விளைவித்த கரும்பு எத்தனாலுக்கு சுமார் 17 ஆண்டுகள். பயிர்க்கழிவிலிருந்து செய்தால் கடன் அநேகமாக இல்லை.

ஆகவே, ‘தாவரத்தில் செய்தது’ என்று எதைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நிலத்தில் விளைந்தது? அதற்கு முன் அங்கே என்ன இருந்தது?