கிரீட் விழித்திருக்கும் மாதங்கள்

மத்தியதரைக் கடல் தீவு என்றதும் விளம்பரப் படங்கள் நம் மனத்தில் பதித்திருப்பது ஜூலை மாதத்தை: நீலக் கடல், வெயில், வரிசை வரிசையாகக் குடைகள். ஏப்ரலில் போகிறவர்கள் ஓட்டல் வாடகை குறையும் என்பதற்காகப் போகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவான கிரீட்டைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழானது. அங்கே மழைக்காலம் குளிர்காலம்தான். அக்டோபர் வாக்கில் தொடங்கும் மழை மார்ச் வரை பெய்கிறது. ஜூலை, ஆகஸ்டில் தூறலே அபூர்வம். அதனால் செடிகள் குளிரில் தழைத்து, மார்ச், ஏப்ரலில் பூத்து, கோடை முற்றுவதற்குள் விதை உதிர்த்துக் காய்ந்துவிடுகின்றன. பல பூச்செடிகள் கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். ஆகஸ்டில் வருகிறவர் பார்ப்பது உறங்குகிற தீவை.

அது விழித்திருக்கும்போது என்னதான் இருக்கிறது? ஏறத்தாழ 1,800 வகைத் தாவரங்கள். அவற்றில் பத்தில் ஒன்று உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. நிலப்பரப்பிலிருந்து பல லட்சம் ஆண்டுகளாகத் துண்டிக்கப்பட்டிருப்பதும், கடற்கரையிலிருந்து 2,456 மீட்டர் வரை எழும் மலைகளும் இதற்குக் காரணங்கள். ஸ்பீலி என்ற ஊருக்கு அருகிலுள்ள யூஸ் காம்போஸ் மேட்டுநிலத்தில் ஏப்ரலில் சிவப்புக் காட்டுத் துலிப் பூக்கள் வயல் நிறையப் பூத்துக் கிடக்கும். பெண் தேனீயைப் போல இதழ் விரித்து, ஆண் தேனீயை ஏமாற்றி மகரந்தம் சுமக்கவைக்கும் ஆர்க்கிட்டுகளும் இந்தப் பருவத்துக்கே உரியவை. கீழே பூக்கள் நிறைந்திருக்க, சிலோரீத்திஸ் சிகரத்தில் பனி இன்னும் உருகியிருக்காது. வயலோரங்களில் மக்கள் ‘ஹோர்தா’ என்னும் காட்டுக் கீரைகளைப் பறிப்பார்கள். வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டால் அதுவே ஒரு வேளைக் கறி. இந்தப் பருவத்தின் அருமை தீவின் பண்டைய மக்களான மினோவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்னீசோஸில் கிடைத்த, சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய சுவரோவியம் ஹெராக்லியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர்கள் தீட்டியிருப்பது லில்லிப் பூக்களை.

வசந்தத்தில் போவதற்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. ஏப்ரலில் கடல்நீர் 17 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் ஊர்க் கடலில் குளித்தவர்களால் அதில் இறங்கி நிற்க முடியாது. மழை எதிர்பாராமல் வரும். சில நாள் சகாராவின் தூசு காற்றில் வந்து வானத்தையே மங்கவைத்துவிடும். கடற்கரை ஓட்டல்கள் பல ஏப்ரல் கடைசியில்தான் திறக்கின்றன. நீந்துவது மட்டுமே நோக்கம் என்றால் செப்டம்பரில் போவதே சரி. ஆனால் நடக்கவும், ஊர்களைப் பார்க்கவும், க்னோசோஸ் அரண்மனையின் நிழலற்ற முற்றங்களில் நிதானமாக நிற்கவும் விரும்புகிறவருக்குக் கடல் குளிர்ந்திருப்பது ஒரு குறையே அல்ல.

எல்லோரும் வசந்தத்தில் கிளம்பினால் அந்த மாதங்களும் நெரிசலாகிவிடாதா என்று கேட்கலாம். இப்போதைய நிலையைப் பார்க்க வேண்டும். ஆறு லட்சம் சொச்சம் மக்கள் வாழும் தீவுக்கு ஆண்டுதோறும் அதைப்போலப் பல மடங்கு பயணிகள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கோடையிலேயே வந்து குவிகிறார்கள். ஆலிவ் தோப்புகளுக்குப் பாசன நீர் தேவைப்படும் அதே வறண்ட வாரங்களில்தான் நீச்சல் குளங்களும் குளியலறைகளும் தண்ணீர் கேட்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு நீர் நிறைந்த மாதங்களுக்கு நகர்வது தீவுக்கு நல்லது. பருவம் முடிந்தால் வேலையிழக்கும் ஓட்டல் தொழிலாளிகளுக்கும் சம்பள மாதங்கள் கூடும்.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் இதற்குப் பொருந்தி வருகிறது. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் போய் இறங்குங்கள். காட்டுப் பூக்களும் இருக்கும், 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா பள்ளத்தாக்கும் வழக்கமாக மே 1-ஆம் தேதி வாக்கில் திறந்துவிடும்.