சளியும் இழுப்பும்

பிள்ளைக்கு இழுப்பு வந்தால் மழையின் மேலும் ஐஸ் தண்ணீரின் மேலும் பழி போடுகிறோம். பாக்கார் ஆராங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இதுதான் பேச்சு. ஆனால் இழுப்பைத் தூண்டுவது பெரும்பாலும் சளியைக் கொண்டுவரும் வைரஸ் கிருமியே. இங்கிலாந்தில் 1995இல் வெளியான ஆய்வொன்றில், 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இழுப்பு வந்த வேளைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் வைரஸ் காணப்பட்டது.

வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சிகள் ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கியிருக்கும். சளிக் கிருமியும் சேர்ந்தால் அது மேலும் சுருங்கிவிடும்.

ஆண்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லாது. மருத்துவர் அன்றாடம் இழுக்கச் சொன்ன மருந்தை, பிள்ளை நலமாக இருக்கும் நாளிலும் நிறுத்தாதிருப்போம். தலையணை உறைகளை வெந்நீரில் துவைப்போம். வீட்டுக்குள் சிகரெட் புகை வேண்டாம். பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் பிள்ளையின் விலா உள்வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.