கடைக்கு இணையதளம்: முகவரி யார் பெயரில் இருக்கிறது?

சந்தேகம்: எனக்குக் கோடிங் தெரியாது. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ், ஜோஹோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

விளக்கம்: உங்கள் தளம் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். விலாசம், கடை நேரம், செய்த வேலைகளின் படங்கள், விசாரிக்க ஒரு வாட்ஸ்அப் பொத்தான், இவ்வளவுதான் என்றால் விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் 'சைட்ஸ்' ஆகியவற்றில் எதுவும் போதும். வாடிக்கையாளர் பணம் கட்ட, நீங்கள் கூரியரில் அனுப்பும் வியாபாரம் என்றால் சரக்கு இருப்பு, வரி, பில் எல்லாம் கூடவே வரும். அதற்கென்றே பிறந்தது ஷாப்பிஃபை. பனிச்சறுக்குப் பலகை விற்க 2004-ல் கனடாவில் இணையக் கடை திறந்தவர்கள், சரியான மென்பொருள் கிடைக்காமல் தாங்களே எழுதிக்கொண்டதிலிருந்து வளர்ந்தது அது.

சந்தேகம்: இலவசத் திட்டமே போதாதா?

விளக்கம்: பழகிப் பார்க்கப் போதும், தொழிலுக்குப் போதாது. விக்ஸின் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் நிற்கும். முகவரியிலும் அவர்கள் பெயர் ஒட்டியிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு சிறு கடைகளுக்கு இலவசமாகக் கிடைத்த தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது. 'பிசினஸ் டாட் சைட்' என்று முடிந்த அந்த முகவரிகளைத் தட்டினால், ஜூன் 10 வரை கடையின் கூகுள் பக்கம் திறந்தது. பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் துணிப்பையிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தவர்களை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. சொந்தமாக டொமைன், அதாவது தனி இணைய முகவரி, வாங்கி இணைத்திருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. வேறு இடத்தில் தளம் கட்டி, அதே முகவரியை அங்கே திருப்பிக்கொள்ள அவர்களால் முடிந்தது.

சந்தேகம்: டொமைனையும் தானே வாங்கித் தருவதாக டிசைனர் சொல்கிறார். விட்டுவிடலாமா?

விளக்கம்: வாங்கித் தரட்டும். ஆனால் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், ஓடிபி உங்கள் கைபேசிக்கு வரும்படி இருக்க வேண்டும். தளம் கட்ட எந்தச் சேவையை எடுக்கிறீர்கள் என்பதைவிட எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. பதிவு அவர் பெயரில் இருந்தால், 'புதுப்பிக்கவும்' என்ற நினைவூட்டலும் அவருக்குத்தான் போகும். அவர் தொழிலை விட்டுப் போயிருக்கலாம், உங்களோடு மனஸ்தாபம் ஆகியிருக்கலாம். கெடு தாண்டி, அடுத்துள்ள மீட்பு அவகாசமும் முடிந்தால், அந்தப் பெயரை யாரும் வாங்கிக்கொள்ளலாம். வேறு நிறுவனத்துக்கு மாற்ற 'ஆத் கோட்' என்ற ரகசியக் குறியீடு தேவை. அது எங்கே கிடைக்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள். 'முதல் வருடம் டொமைன் இலவசம்' என்றால், இரண்டாம் வருடத் தொகையைக் கேளுங்கள்.

சந்தேகம்: பிடிக்கவில்லை என்றால் பிறகு மாறிக்கொள்ளலாம்தானே?

விளக்கம்: முகவரியை உங்களோடு கொண்டுபோகலாம், தளம் அப்படியே வராது. விக்ஸில் கட்டியதைக் கழற்றி வேறு சர்வரில் வைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் எழுத்துகளில் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் ஏற்கும் கோப்பாகத் தரும், வடிவமைப்பு வராது. ஷாப்பிஃபையில் பொருள் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். 2003 முதல் கட்டற்ற மென்பொருளாக இருக்கும் வேர்ட்பிரஸை எந்த ஹோஸ்டிங்குக்கும் தூக்கிப் போகலாம். ஆனால் அதைச் சொந்த ஹோஸ்டிங்கில் வைத்தால் அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில். எதை எடுத்தாலும் படங்கள், விலைப்பட்டியல், எழுதியவை எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும்.

சந்தேகம்: மாதச் சந்தா கட்டினால் வேறு செலவு கிடையாதே?

விளக்கம்: உண்டு. ஷாப்பிஃபையின் சொந்தப் பணவசூல் சேவை இந்தியாவில் இல்லாததால் ரேஸர்பே போன்ற கேட்வேயை இணைக்க வேண்டும். கேட்வே கட்டணம் தனி. அதற்கு மேல் பேசிக் திட்டத்தில் விற்பனைத் தொகையில் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்கு. ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றால் அதுவே 2,000 ரூபாய். மாதம் பத்துப் பதினைந்து ஆர்டர்தான் என்றால், சாதாரணத் தளமும் வாட்ஸ்அப்பும் யுபிஐ கியூஆரும் போதும் என்பேன்.

சந்தேகம்: தமிழில் வைத்தால் தேடலில் வருமா?

விளக்கம்: யுனிகோடில் இருந்தால் வரும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய நோட்டீஸை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், மாற்றி ஒட்டுங்கள். விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகத் தட்டுங்கள்.

சந்தேகம்: தளத்தில் விற்க விதிகள் ஏதும் உண்டா?

விளக்கம்: நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 இருக்கின்றன. நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், விலாசம், தொடர்பு எண், குறைதீர்ப்பவரின் பெயர் ஆகியவை தளத்தில் தெரிய வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளம் திறந்த அன்றே 'தொடர்புகொள்ள' படிவத்தில் நீங்களே ஒரு புகார் எழுதி அனுப்பிப் பாருங்கள். அது டிசைனரின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தால், உடனே உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.