குழந்தை சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டுமா?

தென்காசி:

"குழந்தை முகம் பார்த்து சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று வீட்டு பெரியவர்கள் சொல்வதுண்டு. பாவம், குழந்தை மேல் குற்றமில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடுவதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். பிரசவமானதும் ஹார்மோன் இறங்கிவிடும். தங்கி நின்ற முடியெல்லாம் 2 முதல் 4 மாதத்தில் கொத்து கொத்தாக கொட்டும். தாய்ப்பாலை நிறுத்தினாலும் இது நிற்காது. பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி வளர்ந்துவிடும்.

இது தெரியாமல், சீசனுக்கு குற்றாலம் போனால் மூலிகை எண்ணெய் பாட்டில்களை வாங்கி குவிப்பவர்கள் உண்டு. எண்ணெய் தேய்த்தால் சிக்கு விழாது. ஆனால் இந்த உதிர்வை அது தடுக்காது. அந்த காசுக்கு முட்டை, பயறு, முருங்கைக்கீரை வாங்கி சாப்பிடலாம். முடியை இறுக்கி கட்டாமல் இருப்பதும் நல்லது.

உண்மையில் கவனிக்க வேண்டியது ரத்தசோகை. பிரசவத்துக்கு பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். அதை டீ, காபியோடு விழுங்கக்கூடாது.

நடந்தாலே மூச்சு வாங்குது, எந்நேரமும் அசதி, வட்ட வட்டமாக சொட்டை, ஒரு வருஷம் ஆகியும் கொட்டுவது நிற்கலை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.